பலஸ்தீனம் என்ற பெயரின் வரலாற்றை வகுப்பில் விளக்கும் முறை

கல்முனையிலோ மட்டக்களப்பிலோ நடக்கும் ஒரு மாலை வகுப்பில், வேதாகமத்தில் ‘பெலிஸ்தர்’ என்று படித்த பிள்ளையும் பத்திரிகையில் ‘பலஸ்தீனம்’ என்று படித்த பிள்ளையும் அருகருகே அமர்ந்திருக்கக்கூடும் என்பதால், இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்த பெயர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்துக் கரும்பலகையில் பலஸ்தீனக் கரையோரத்தை வரையுங்கள். நம் பிள்ளைகளுக்குக் கடல் என்றால் கிழக்கு. அங்கே அது மேற்கில் இருப்பதை அழுத்திச் சொல்லாவிட்டால் வரைபடம் இடவலம் மாறிவிடும். பெலிஸ்தரின் நகரங்களில் காசா, அஸ்கலோன், அஸ்தோத் ஆகியவற்றைக் கரையை ஒட்டியும், எக்ரோன், காத் ஆகியவற்றைச் சற்று உள்ளேயும், இஸ்ரவேலரை அவற்றுக்குக் கிழக்கே மலைநாட்டிலும் குறியுங்கள்.

பின்னர் சான்றுகளுக்கு வாருங்கள். கி.மு. 1208 அளவில் எகிப்திய மன்னன் மெர்னெப்தாவின் கல்வெட்டு ‘இஸ்ரவேல்’ என்ற மக்களைக் குறிப்பிடுகிறது, கி.மு. 12ஆம் நூற்றாண்டில் மூன்றாம் ராம்சேஸின் மெதினெத் ஹாபு கோயிற் சுவர், கடல்வழி வந்து தாக்கியோருள் ‘பெலெசெத்’ என்போரையும், அதாவது பெலிஸ்தரையும், சேர்க்கிறது. கி.மு. 604இல் பாபிலோனிய மன்னன் நெபுகாத்நேச்சார் அஸ்கலோனை அழித்ததையடுத்து, பெலிஸ்தர் தனி இனமாகத் தெரியாமற் போனாலும் பெயர் நிலைத்தது.

உரோமப் பேரரசன் ஹேட்ரியனே இப்பெயரைப் புனைந்தான் என்ற பரவலான கூற்றை இங்கே திருத்துவது அவசியம். கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் இதைக் கையாண்டிருக்கிறார். ஹேட்ரியன் காலத்தில், கி.பி. 132–135 யூதர் கிளர்ச்சியை ஒட்டி, யூதேயா மாகாணம் ‘சிரியா பலஸ்தீனா’ ஆனது. அரபு ஆட்சியில் ‘ஃபிலஸ்தீன்’ ஒரு நிருவாக மாவட்டமாகத் தொடர்ந்தது.

இன்றைய பலஸ்தீனர் அன்றைய பெலிஸ்தரா என்று யாரேனும் கேட்டால், பெயர்த் தொடர்ச்சியும் வம்சத் தொடர்ச்சியும் வெவ்வேறு கேள்விகள் எனப் பிரித்துக் காட்டுங்கள்.