கூகுள் மேப்பில் உங்கள் கடையின் படங்களை ஏற்றுவது எப்படி? பாம்பன் கருவாட்டுக் கடையை வைத்து ஒரு செய்முறை

ராமேஸ்வரம் போகிற வெளியூர்க்காரர்கள் வண்டியில் உட்கார்ந்தபடியே போனில் "கருவாட்டுக் கடை" என்று தேடுகிறார்கள். பாம்பன், தங்கச்சிமடம் கடைகள் வரிசையாக வருகின்றன, ஆனால் பல கடைகளுக்குப் படமே இல்லை, இருக்கிற சிலவற்றிலும் பாம்பன் பாலத்தின் படம்தான். பாலம் ஊருக்கே பொது. அதைப் பார்த்து உங்கள் கடை எது என்று யாருக்கும் தெரியாது.

கூகுள் தேடலிலும் மேப்பிலும் உங்கள் கடைக்கென்று வரும் பக்கம்தான் கூகுள் பிசினஸ் புரொஃபைல் (2021 வரை இதற்குக் கூகுள் மை பிசினஸ் என்று பெயர்). அதில் படம் ஏற்றக் காசு கிடையாது. லாட்ஜ், சாயல்குடி கருப்பட்டிக் கடை, எதுவானாலும் இதே முறைதான். கடை உங்கள் ஜிமெயில் கணக்கில் வெரிஃபை ஆகியிருக்க வேண்டும், அதாவது கடை உங்களுடையதுதான் என்று கூகுள் உறுதிசெய்திருக்க வேண்டும், அதை முதலில் முடித்துவிடுங்கள்.

முதலில் படம் எடுங்கள்

போன் லென்ஸைத் துணியால் துடையுங்கள். நம் பக்கத்து உப்புக்காற்றில் அதன்மேல் ஒரு மங்கல் படிந்துகொண்டே இருக்கும், அப்படியே எடுத்தால் எந்தப் படமும் பனிமூட்டத்தில் எடுத்தது போலத்தான் வரும். உச்சி வெயிலில் வேண்டாம்: ரோடும் மணலும் வெளுத்து, பந்தலுக்குள் இருக்கும் கடை கறுத்துப்போகும். காலையிலோ நாலு மணிக்கு மேலோ எடுங்கள்.

வெளிப்புறப் படம்தான் மிக முக்கியம் என்பேன். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்று, பெயர்ப்பலகையும் பக்கத்து டீக்கடையோ கரண்ட் கம்பமோ ஏதாவது ஓர் அடையாளமும் தெரிகிற மாதிரி எடுங்கள். மண்டபம் பக்கமிருந்து வருபவருக்கு ஒன்று, ராமேஸ்வரம் பக்கமிருந்து திரும்புபவருக்கு ஒன்று. அப்புறம் கடையின் உட்புறம்.

சரக்கை எடுக்கும்போது நெத்திலி, வாளை, சீலா எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் காட்டாதீர்கள். பிளாஸ்டிக் பைக்குள் வைத்து எடுத்தால் வெளிச்சம் பட்டுப் பை மட்டும்தான் பளபளக்கும். ஒரு கைப்பிடி நெத்திலியை வெள்ளைத் தட்டில் பரப்பி, தலையும் வாலும் தனித்தனியாகத் தெரியும் அளவுக்குக் கிட்டப்போய் எடுங்கள். வாங்குகிறவர் பார்க்க நினைப்பது மணல் ஒட்டியிருக்கிறதா என்பதைத்தான், அது படத்திலேயே தெரிந்துவிட வேண்டும். கருவாடு காயப்போடும் பெண்களின் முகம் தெரிந்தால் அவர்களிடம் கேட்டுவிட்டு மட்டுமே போடுங்கள்.

அளவு சரிபாருங்கள்

படம் ஜேபிஜி அல்லது பிஎன்ஜி வடிவத்தில், 10 கேபி முதல் 5 எம்பி வரை இருக்க வேண்டும். 720 × 720 பிக்சல் நல்லது, 250 × 250-க்குக் கீழே போகக் கூடாது. ஐபோனில் கேமரா செட்டிங்கில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று மாற்றினால் படம் ஜேபிஜியாகவே வரும். வேறு யாராவது படம் அனுப்பினால் வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும்.

ஏற்றுங்கள்

கடை வெரிஃபை ஆன ஜிமெயில் கணக்கில் இருந்தபடியே கூகுளில் கடையின் பெயரைத் தேடுங்கள். உங்களுக்கு மட்டும் தெரியும் நிர்வாகப் பொத்தான்களில் போட்டோ சேர்ப்பதும் ஒன்று, அதைத் தொட்டால் லோகோ, கவர் (முகப்புப் படம்), சாதாரணப் படம் என்று கேட்கும். கவருக்கு ரோட்டிலிருந்து எடுத்த படத்தைக் கொடுங்கள். கூகுள் சில நேரம் வேறு படத்தை முன்னால் காட்டும், அது நம் கையில் இல்லை. வீடியோ என்றால் 30 விநாடிக்குள், 75 எம்பிக்குள், 720பி தரத்திலாவது இருக்கட்டும். கரையோரம் பேசிக்கொண்டே எடுத்தால் காற்றின் இரைச்சல்தான் கேட்கும், பேசாமல் காட்டினாலே போதும்.

ஏற்றியதும் படம் தெரியாவிட்டால் பதற வேண்டாம், பரிசீலனையில் இருக்கும். போன் நம்பரும் தள்ளுபடியும் பெரிதாக எழுதிய பேனர், இணையத்தில் சுட்ட படம், மங்கலான படம் இவையெல்லாம் நிராகரிக்கப்படலாம்.

குறித்து வையுங்கள்

இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஒரு நோட்டிலோ எக்செல்லிலோ படத்தின் பெயர், ஏற்றிய தேதி, எடுத்தவர், என்ன படம், ஏற்கப்பட்டதா இல்லையா என்று எழுதுங்கள். "பாம்பன்-வெளிப்புறம்-01" என்கிற மாதிரி பெயர் வைத்தால் பிறகு தேட எளிது. நாலைந்து கடைகளுக்கு நீங்களே பார்த்துக்கொடுக்கிறீர்கள் என்றால் இந்த நோட்டு இல்லாமல் ஒரு கடையின் படம் இன்னொரு கடையில் ஏறிவிடும்.

பச்சை மீன் விற்பவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் படங்களை மாற்றுவது நல்லது. விசைப்படகு மீன் வராத நாளில் பெரிய சீலா படத்தைப் பார்த்துவிட்டு மதுரையிலிருந்து ஒருவர் வந்து ஏமாறக் கூடாது, அப்போது நாட்டுப்படகில் வருவதைக் காட்டுங்கள். நீங்கள் ஏற்றிய பழைய படத்தைத் திறந்தால் நீக்கும் குறி இருக்கும். வாடிக்கையாளர் போட்ட படத்தை உங்களால் நீக்க முடியாது, விதிமீறலாக இருந்தால் அந்தப் படத்தைத் திறந்து புகார் மட்டும் கொடுக்கலாம்.