பெய்ஜ் சுவர்: தரையைப் பார்க்காமல் நிறம் எடுக்காதீர்கள்

அடர் நீலம் எடுக்கப் பத்து முறை யோசிப்பவர்கூட, பெய்ஜ் (வெளிர் மணல் நிறம்) என்றால் ஷேட் கார்டில் (பெயிண்ட் நிற மாதிரி அட்டையில்) விரலை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார். 'அதில் என்ன தப்பாகப் போகிறது' என்ற தைரியம்தான். ஈரச் சுவரில் அடிக்கக் கூடாது, டேப் ஒட்ட வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடலாம்.

சுவர் நிறத்தை முதலில் முடிவு செய்வது

பணம் கரைவது இங்கேதான். புதிதாக வீடு அமைப்பவர்கள் இதையே திரும்பத் திரும்பச் செய்வதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

பெய்ஜ் என்று தனியாக ஒரு நிறம் கிடையாது. வெள்ளை பேஸில் மஞ்சள், சிவப்பு, கறுப்பு நிறமிகளைத் துளித்துளியாகச் சேர்த்த கலவை அது. சிவப்பு கூடினால் ரோஸ் சாயல் வரும். மஞ்சள் கூடினால் க்ரீம். மஞ்சளோடு கறுப்பும் கூடினால், யாரும் எதிர்பார்க்காத பச்சைச் சாயல். தனியாக இருக்கும்வரை இந்தச் சாயல் ஒளிந்திருக்கும். பக்கத்தில் இன்னொரு பெய்ஜ் வந்ததும் வெளியே வந்துவிடும். மஞ்சள் சாயல் டைல்ஸுக்கு மேல் ரோஸ் சாயல் சுவர் வந்தால், சுவர் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி மாதிரியும் தரை அழுக்கேறிய மாதிரியும் தெரியும். உடனே பெயிண்டர் மேல் பழி. அதே பெயிண்டில் மூன்றாவது கோட் அடித்துப் பார்ப்பார்கள், மாறாது. பிறகு திரைச்சீலையை மாற்றுவார்கள். கடைசியில் வேறு நிறம் வாங்கி, சாமான்களை மறுபடி நகர்த்தி, கூலியை இரண்டாம் முறை கொடுப்பார்கள்.

டைல்ஸ், கிரானைட், சோபா துணி இவற்றில் கிடைக்கும் நிறங்கள் கொஞ்சம். பெயிண்டில் ஆயிரக்கணக்கில் உண்டு. அதனால் சுவர் கடைசியாகத்தான் முடிவாக வேண்டும்.

ஒரு வெள்ளை ஏ4 தாளை டைல்ஸ் மேல் வையுங்கள். வெள்ளைக்குப் பக்கத்தில் அதன் சாயல் தெரிந்துவிடும். அதே சாயலில் மூன்று ஷேடுகள் எடுங்கள். பழைய சுவரில் திட்டுத்திட்டாக அடித்துப் பார்க்காதீர்கள்; பழைய நிறம் கண்ணை ஏமாற்றும். 2 அடிக்கு 2 அடி பலகையில் வெள்ளை ப்ரைமர் (அடிப்பூச்சு), அதன்மேல் இரண்டு கோட். சுற்றிலும் 2 அங்குலம் வெள்ளையாகவே விடுங்கள். ஒரு நாள் காய்ந்தபின் நிமிர்த்தி, தரையைத் தொடும்படி வைத்துக் காலை, மதியம், இரவு பாருங்கள். ஜன்னல் ஓரத்திலும் அதற்கு எதிர் மூலையிலும் பார்ப்பது அவசியம். மேசையில் படுக்கவைத்துப் பார்த்தால் ஒளி மேலிருந்து விழும், நிறம் வெளிறித் தெரியும்.

நான்கு சுவரிலும் அடித்தபின் ஒன்றின் நிறம் மற்றதில் பட்டு எதிரொளிப்பதால், கார்டில் பார்த்ததைவிட அழுத்தமாகவே தெரியும். இரண்டு ஷேடுக்கு நடுவில் தடுமாறினால் வெளிறியதை எடுங்கள்.

பல்பை மறந்துவிடுவது

பல்பு ஒளியின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள்: 2700 கெல்வின் பல்பு பெய்ஜை மஞ்சளாக்கும், 6500 சாம்பலாக்கும். வீட்டில் எரியப்போகும் பல்பில்தான் பலகையைப் பார்க்க வேண்டும். 2700 முதல் 3000 வரை, சிஆர்ஐ (நிறங்களை உள்ளபடி காட்டும் திறன்) 90க்கு மேல் என்றால் நல்லது. ஒரே அறையில் இரண்டு வகையைக் கலந்தால் ஒரே சுவர் இரண்டு நிறமாகத் தெரியும்.

கூரைக்கு நீலம் கலந்த வெள்ளை

வேண்டாம். சுவர் அழுக்காகத் தெரியும்.

எல்லாமே பெய்ஜ்

சுவர், சோபா, கம்பளம், திரை எல்லாம் ஒரே அழுத்தத்தில் இருந்தால் அறை தட்டையாகிவிடும். நிறத்தை மாற்றாமல் தொடுபரப்பை மாற்றலாம்: சணல், முரட்டு லினன், மரம். கூடவே ஓரிரண்டு அடர்த்தியான பொருள்கள் வேண்டும். அடர் பழுப்பு மரக்கால், கறுப்பு விளக்குத் தண்டு போல.

வாளிக்கு வாளி

பெயிண்டை மெஷினில் கலந்தாலும் வாளிக்கு வாளி சிறு வேறுபாடு வரும். எல்லா வாளிகளையும் பெரிய டிரம்மில் ஊற்றிக் கலந்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். பின்னால் கீறலைத் தொட்டு அடிக்க, அதிலேயே அரை லிட்டரை ஒரு டப்பாவில் எடுத்து மூடி, ஷேட் எண், பேட்ச் எண், மேட்டா (பளபளப்பு இல்லாதது) சாட்டினா (லேசான பளபளப்பு) என்பதை மூடியில் எழுதி வையுங்கள்.