தோள் தசைநாண் கிழிசலுக்குத் துளைவழி அறுவை: என் அனுபவம்

களியக்காவிளையை ஒட்டிய தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டும் எனக்கு, வலத்தோளில் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் பெரிதாகக் கிழிந்து கையைத் தலைக்கு மேல் தூக்கவே முடியாமல் போனபோது, துளைவழி அறுவையில் அதைச் சிறு திருகுகளாலும் நூலாலும் எலும்போடு சேர்த்துத் தைத்தார்கள். பெரிய கிழிசலில் தையல் மறுபடி பிரியும் வாய்ப்பு அதிகம் என்றும், தசையில் கொழுப்பு படிந்திருந்தால் ஆறுவது கடினம் என்றும் மருத்துவர் முன்பே விளக்கியிருந்தார். எனவே 6 வாரம் ஸ்லிங் பட்டையை விடாமல் அணிந்தேன். பிறகு சுவரில் விரல்களை ஒவ்வொன்றாக மேலேற்றி, எட்டிய இடத்தில் கரிக்கோடு போட்டு, அடுத்த நாள் அதைத் தாண்ட முயன்றேன். பளு தூக்கும் பயிற்சி 3 மாதத்துக்குப் பிறகுதான். அந்தப் பொறுமையே மிகக் கடினமாக இருந்தது.

சில ஆண்டுகளுக்குப் பின் எடுத்த எம்ஆர்ஐ ஸ்கேனில் ஒரு பகுதி மீண்டும் பிரிந்திருந்தது. ஆனாலும் இரவு வலி திரும்பவில்லை. தையல் பிரிந்த பலருக்கும் வலி குறைந்தபடியே நீடிப்பதுண்டு, பலம்தான் முழுமையாக மீள்வதில்லை. ரப்பர் மரத்தின் கீழ்ப்பட்டையை நானே வெட்டுகிறேன், உயர வெட்டைத் தம்பி பார்த்துக்கொள்கிறான்.