ஸ்கூட்டரை விட்ட பிறகு

எனக்கு 71 வயது, தக்கலைப் பக்கம் வீடு. போன ஆடி மாதம் வில்லுக்குறி அருகே ஸ்கூட்டரில் போகும்போது இடது கை திடீரென மரத்துப்போய், பிரேக் பிடிக்க முடியாமல் எப்படியோ ஓரங்கட்டி நிறுத்தினேன். பத்து நிமிடத்தில் கை சரியாகிவிட்டது, அதனால் வீட்டில்கூடச் சொல்லவில்லை, அதுதான் நான் செய்த பெரிய தப்பு. இரண்டு நாள் கழித்துப் பார்த்த டாக்டர், இது சிறு பக்கவாதம், தானாகச் சரியானாலும் உடனே 108-ஐ அழைத்திருக்க வேண்டும், அடுத்த சில நாளிலேயே பெரிதாக வரலாம் என்றார். மாத்திரைகள் எழுதினார். வண்டியைத் தொடக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

வண்டி இல்லாமல் கை ஒடிந்த மாதிரி இருந்தது. சந்தைக்குப் போகக்கூட மகனைக் கேட்க மனம் வரவில்லை. அப்புறம் ஒரு நாள் கணக்குப் போட்டேன்: பெட்ரோல், இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் சேர்த்து மாதம் 1,800 ரூபாய். அதைத் தனியே எடுத்து வைத்து, தெருமுனை ஆட்டோ தம்பியிடம் செவ்வாயும் சனியும் வரச் சொல்லிப் பேசிக்கொண்டேன். நாகர்கோவிலுக்கு பஸ்தான், பள்ளி நேரக் கூட்டம் கழிந்து ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் மனைவியும் கூடவே வருகிறாள், முன்பெல்லாம் தனியாகத்தான் போவேன்.

லைசென்ஸ் அடுத்த வருடம் முடிகிறது. இந்த வயதில் புதுப்பித்தால் 5 வருடத்துக்குத்தான், அதற்கும் மருத்துவச் சான்றிதழ் வேண்டும். நான் புதுப்பிக்கப் போவதில்லை. வண்டி இப்போது பேத்தியிடம். போன ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட் போட்டு அவள் பின்னால் உட்கார்ந்து திற்பரப்பு வரை போய் வந்தேன்.