அடுத்த லென்ஸ் எது? உங்கள் படங்களிடமே கேளுங்கள்

கேமராவும் கூடவே வந்த 18-55 கிட் லென்ஸும் கைக்கு வந்ததுமே "அடுத்து என்ன வாங்கலாம்?" என்ற தேடல் தொடங்கிவிடுகிறது. மதிப்புரைக் காணொளி லென்ஸைப் பற்றிச் சொல்லும். உங்களுக்கு எது குறைகிறது என்று அதற்குத் தெரியாது. அந்தக் கணக்கு நீங்கள் எடுத்த ஒவ்வொரு படத்திலும் எக்ஸிஃப் தகவலாக (எந்த அமைப்பில் எடுத்தது என்று கேமரா படக் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கும் குறிப்பு) பதிவாகியிருக்கிறது. அதைப் படிக்க இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவையே போதும்.

படி 1: அடிப்படை

அப்பர்ச்சர் (லென்ஸில் ஒளி நுழையும் துளையின் அளவு), ஷட்டர் வேகம் (ஒளி விழும் நேரம்), ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன்) மூன்றும் புரியாமல் எக்ஸிஃப் எண்கள் எதுவும் சொல்லாது. எழுத்தும் படமுமாகப் படிக்க விரும்புபவர்களுக்கு கேம்பிரிட்ஜ் இன் கலர் தளம். ஆழமாகப் போக வேண்டுமென்றால் கணினி அறிவியல் பேராசிரியர் மார்க் லெவாயின் 18 விரிவுரைகள்: ஸ்டான்ஃபோர்டில் நடத்திய பாடத்தை 2016-ல் கூகுளில் மீண்டும் நடத்தினார், யூடியூபில் இருக்கின்றன. இரண்டுமே ஆங்கிலம்தான். எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் கேமராவைத் தொடுவேன் என்று இருக்க வேண்டாம்; ஒரு பாடம், அன்றே 20 படம் என்று போங்கள்.

படி 2: 300 படம்

அப்பர்ச்சர் முன்னுரிமை முறை (டயலில் ஏ அல்லது ஏவி), ஆட்டோ ஐஎஸ்ஓ, கோப்பு வகை ரா (கேமரா பதப்படுத்தாத மூலப் பதிவு) + ஜேபெக். ஒரு மாதம் வழக்கம்போல் எடுங்கள். மங்கிய படங்களை அழிக்காதீர்கள், இந்த வேலைக்கு அவைதான் முக்கியம். மெமரி கார்டிலிருந்து நேராகக் கணினிக்கு மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எக்ஸிஃப் போய்விடும்.

படி 3: எண்ணுங்கள்

டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளில் படங்களைச் சேர்த்து, லைட்டேபிள் பக்கத்தின் இடப்புறம் உள்ள கலெக்‌ஷன்ஸ் பகுதியில் குவியத் தூரத்தை (ஃபோகல் லெங்த், 18-55 போன்ற மி.மீ. எண்) தேர்ந்தெடுங்கள். 18 மி.மீ.யில் எத்தனை, 35-ல் எத்தனை, 55-ல் எத்தனை என்று வரிசையாகக் காட்டும். ஐஎஸ்ஓவுக்கும் இதையே செய்யுங்கள்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். 55-ல் படங்கள் குவிந்திருந்தால் உடனே தொலைவில் உள்ளதைப் பெரிதாகக் காட்டும் டெலி லென்ஸ் வேண்டும் என்று பொருளல்ல. ஜூம் வளையத்தைக் கடைசிவரை திருகுவது பொதுவான கைப்பழக்கம். அந்தப் படங்களைப் பிறகு பாதியளவுக்கு மேல் வெட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். பெரும்பாலானவற்றை வெட்டியிருந்தால்தான் எட்டாத குறை உண்மையானது.

படி 4: கெட்டுப்போன படங்களைப் பிரியுங்கள்

மங்கலான படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள். அசையாத பொருள்கள் உட்பட எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. பின்னணி தெளிவாக, நகரும் ஆள் மட்டும் இழுபட்டிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. எதுவும் இழுபடாமல், முகம் மட்டும் மங்கி, பின்னால் உள்ள சுவர் கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. இதற்குப் புது லென்ஸ் மருந்தல்ல. ஒற்றை ஃபோகஸ் புள்ளியைக் கண்ணின்மேல் வைத்துப் பழகுங்கள்.

கை ஆட்டத்துக்கு லென்ஸின் அதிர்வுத் தடுப்பு உதவும். ஓடுகிற குழந்தையை அது நிறுத்தாது. அதற்கு ஒளிதான் வேண்டும். வீட்டுக்குள் எடுத்த படம் 55 மி.மீ., எஃப் 5.6, 1/30 நொடி, ஐஎஸ்ஓ 6400 என்று காட்டுகிறதா? எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிது; 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஏறத்தாழ 10 மடங்கு ஒளியை உள்ளே விடும். அதில் 4 மடங்கைச் செலவழித்து ஷட்டரை 1/125-க்கு ஏற்றினாலும், ஐஎஸ்ஓ 2500 அளவுக்கு இறங்கிவிடும். ஆனால் ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார்) கேமராவில் ஒன்றரை மீட்டர் தொலைவில் எஃப் 1.8 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 6 செ.மீ. மட்டுமே, மூக்கு கூர்மையாகிக் காது மங்கும். வாங்கும் முன்பே போட்டோபில்ஸ் தளத்தின் கணிப்பானில் உங்கள் தொலைவைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

படி 5: ஒப்பிடுங்கள்

என்ன குறை என்று தெரிந்தபின் மதிப்புரைகளுக்கு வாருங்கள். டிபிரிவ்யூ தளத்தில் ஒரே காட்சியை வெவ்வேறு கேமராக்களில் எடுத்துப் பக்கம்பக்கமாக வைத்திருப்பார்கள். படங்களை ஒரே அளவுக்குக் கொண்டுவந்து ஒப்பிடுங்கள். இல்லையென்றால் மெகாபிக்சல் கூடிய கேமரா வீணாகக் கெட்டபெயர் வாங்கும். ஃப்ளிக்கரில் லென்ஸின் பெயரைத் தேடினால் சாதாரணமானவர்கள் எடுத்த படங்கள் பலவும் எக்ஸிஃபோடு கிடைக்கும். அவை திருத்தப்பட்டவை என்பதால் நிறத்தை நம்பாமல், குவியத் தூரம் தரும் தோற்றத்தை மட்டும் கவனியுங்கள்.

படி 6: மவுண்ட்

மவுண்ட் என்பது லென்ஸ் கேமராவில் மாட்டும் வளையம்; லென்ஸின் பெயரில் அதைக் குறிக்கும் எழுத்துகளைக் கேமராவின் கையேட்டோடு சரிபாருங்கள். கேனனின் டிஎஸ்எல்ஆர் மவுண்டான இஎஃப் லென்ஸை அடாப்டர் (இடையில் மாட்டும் இணைப்பு வளையம்) வைத்து மிரர்லெஸ் மவுண்டான ஆர்எஃப் கேமராவில் மாட்டலாம், மறுபக்கமாக முடியாது. இஎஃப் கேமராவில் மவுண்டுக்கும் சென்சாருக்கும் 44 மி.மீ. இடைவெளி, ஆர்எஃபில் 20 மி.மீ. மிச்சமுள்ள 24 மி.மீ.யில்தான் அடாப்டர் உட்காருகிறது. நிக்கானின் டிஎஸ்எல்ஆர் மவுண்டான எஃப் லென்ஸ்களும் அதன் மிரர்லெஸ் இசட் கேமராவில் அடாப்டரோடு பொருந்தும். ஆனால் உள்ளே ஃபோகஸ் மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப், ஏஎஃப்-டி வகைகளுக்கு நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் தானியங்கி ஃபோகஸ் வேலை செய்யாது. பழைய லென்ஸ் வாங்குபவர்கள் இந்த ஒன்றைப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.