கடைசி பெஞ்சில் ஒரு மணி நேரம்

தர்மபுரி பக்கம் கல்லூரிகளில் புது உதவிப் பேராசிரியருக்குக் கைகொடுக்க நினைக்கும் மூத்தவர்களே, அறிவுரையை விடுங்கள். அவர் சம்மதத்தோடு வகுப்பில் கடைசி பெஞ்சில் போய் உட்காருங்கள். தாளில் பெஞ்சுகளைக் கட்டமாக வரைந்து, யார் வாய் திறந்தாலும் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். கேள்வி கேட்டதும் எத்தனை நொடி காத்திருக்கிறார் என்பதையும் ஓரத்தில் குறியுங்கள். பெரும்பாலும் ஒரு நொடிதான் இருக்கும் (என் கதையும் அதுவே). 3 நொடி பொறுத்தால் பதில் நீளும், பேசாதவர்களும் பேசுவார்கள் என்று 1970களிலேயே அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ காட்டியிருக்கிறார். தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகளுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும்.

பென்னாகரம் பஸ்ஸுக்கு ஓடும் கடைசி பீரியடைத் தேர்ந்தெடுக்காதீர்கள். முடிந்ததும் தாளை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். துறைத்தலைவர் மேசைக்குப் போனால், அடுத்த முறை உங்களை யாரும் உள்ளே விடமாட்டார்கள்.