டீசல் வண்டியின் மைலேஜைத் தின்ற முன்சக்கரம்

சின்ன எஸ்யூவிதான், ஆனாலும் லிட்டருக்கு 12 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. டேஷ்போர்டு 15 காட்டும். அதை நான் நம்புவதில்லை. ஒரே பெட்ரோல் பங்கில், பம்ப் தானாக நிற்கும் வரை மட்டும் டேங்கை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை அடுத்த முறை பிடித்த லிட்டரால் வகுத்தால் வருவதே கணக்கு.

ஏர் ஃபில்டர் மாற்றினேன், பலனில்லை. டயர் காற்றைக் கதவோர ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு ஏற்றியதில் கொஞ்சம் தேறியது.

அப்புறம் வள்ளியூர் பக்கம் டீக்கு நிறுத்தியபோது, நான்கு சக்கரத்தின் அருகேயும் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். (டிஸ்க்கைத் தொடாதீர்கள், தோல் உரிந்துவிடும்.) வலது முன்சக்கரத்தில் மட்டும் அனல் அடித்தது. திருநெல்வேலி வண்ணார்பேட்டை மெக்கானிக் அண்ணாச்சி ஜாக்கி வைத்துத் தூக்கி, கையால் சுற்றிப் பார்த்தார். "பிரேக்கு விடாமப் பிடிச்சிட்டுக் கெடக்கு தம்பி!" பிரேக் பேடை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பர் முன்னும் பின்னும் நகர உதவும் பின் (pin) துருவேறி இறுகியதால், பிரேக் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே ஓடியிருக்கிறது. பின்னைச் சுத்தம் செய்து, சூடு தாங்கும் பிரேக் கிரீஸ் போட்டு, கிழிந்த ரப்பர் உறையை மாற்றினார். இப்போது 16 கிடைக்கிறது.

பிஎஸ்6 (புகை மாசு விதி) டீசல் வண்டியை டவுனுக்குள்ளேயே ஓட்டினால், புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டியில் சேரும் கரியை எரிக்கவும் கூடுதல் டீசல் போகும். அதனால் அவ்வப்போது நான்குவழிச் சாலையில் ஒரே சீராகக் கொஞ்ச தூரம் ஓட்டுகிறேன். மைலேஜ் கூட்டும் காந்தம், பவுடர் எல்லாம் வீண் செலவு.

ஆடியில் நாகர்கோவில் போனால் மட்டும் இந்தக் கணக்கு பலிக்காது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று எதிரில் நிற்கும். 14 வந்தாலே சரி என்று விட்டுவிடுவேன்.